பட்டு நகரின் பாட்டிரவுகள்

ஆரணி என்னும் பெயரை வரலாற்று நூல்களில் தேடுவோர்க்கு இரண்டு போர்கள் கிடைக்கும். 1751-இல் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபின் படையை முறியடித்த களம் ஒன்று. 1782-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய களம் மற்றொன்று. அவற்றோடு மராட்டிய ஜாகீர்தார்களின் கோட்டை, கமண்டல நாகநதி, பட்டுத் தறி, அரிசி ஆலை என நான்கு வரிகளைச் சேர்த்து எழுதிவிட்டால், ஊரின் வரலாறு முற்றுப் பெற்றுவிட்டதாக எழுதுவோர் எண்ணிக் கொள்கின்றனர். அவ்வூரில் வாழ்ந்த எளிய மக்கள் எந்தக் குரலைக் கேட்க நடந்து சென்றனர், எந்தப் பாட்டிற்காக உறக்கத்தை இழந்தனர் என்பதை எழுதி வைத்தார் எவருமிலர். நாம் ஈண்டு எழுத முற்படுவது அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியையே. இஸ்லாமியப் பாடகர்களின் இன்னிசைக் கச்சேரிகளைக் கேட்க இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தலைமுறையின் செய்தி அது. அத்தலைமுறையினர் ஒருவர் பின் ஒருவராக மண்ணறை சென்று கொண்டிருக்கின்றனர் என்பதால், இன்று எழுதாவிடில் நாளை எழுத ஆளிருக்காது.

ஆரணியின் பகற்பொழுது தறியின் பொழுதாகும். குழியில் கால் தொங்கவிட்டு மிதியை மிதிக்க, நாடா இடமும் வலமும் ஓட, அச்சு வந்து ஊடையை நெருக்கும் அந்த ஓசைக்கு ஒரு கால அளவு உண்டு. பாட்டறியாதவனுக்கும் தாளத்தை அது கற்றுக் கொடுத்துவிடும். பட்டு நெய்வோருள் பல சாதியினர் உளர். நூலும் ஜரிகையும் சேலையும் வாங்கி விற்போருள்ளும் அவ்வாறே. இவர்களிடையே வாழ்ந்த நம் சமுதாயத்தாரிலும் இரு பிரிவினரைக் காணலாம். வீட்டில் தக்கனி உருது பேசுவோர் ஒரு சாரார். தமிழையே தாய்மொழியாகக் கொண்டோர் மற்றொரு சாரார். நவாபுகளின் தலைநகராயிருந்த ஆர்க்காடு அருகே இருப்பதும், பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி விளங்கும் வேலூர் தொலைவில் இல்லாததும் இவ்வட்டாரத்தில் உருதுக்கு ஒரு செல்வாக்கைக் கொடுத்திருந்தன. ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் பெயரைத்தான் ஹைதர் அலி தம் மைந்தனுக்குச் சூட்டினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அத்தகைய தர்காக்களின் உரூஸ் இரவுகளில் கவ்வாலி உருதுவில் ஒலித்தது. மீலாது இரவுகளிலோ தமிழ்ப் பாட்டு ஒலித்தது. தக்கனி பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பாடல்களை முழுமையாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததையும், தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பொருள் புரியாமலே கவ்வாலிக்குத் தலையசைத்ததையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இந்தக் கச்சேரி மரபு திடீரென்று முளைத்ததன்று. தமிழ் முஸ்லிம்களுக்குப் பாட்டைக் கூடிக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மசலாவும் கிஸ்ஸாவும் நாமாவும் படைப்போரும் முனாஜாத்தும் கண்ணால் படிப்பதற்கென்று மட்டும் எழுதப்பட்டவையல்ல; ஒருவர் இசையோடு படிக்கப் பலர் சூழ இருந்து கேட்பதற்கென்று எழுதப்பட்டவை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 விருத்தங்களைக் கொண்டது. அதனை இரவு தோறும் சிறிது சிறிதாகப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. எழுத்தறியாத நம் பாட்டிமார்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைக் காட்சி காட்சியாகச் சொல்ல வல்லவர்களாயிருந்தது இதனால்தான். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைத் தாயிரா கொட்டிப் பாடி வந்த பக்கீர்மார்கள் அவற்றை வீதிகளுக்குக் கொண்டு சென்றனர். மவ்லிது மஜ்லிஸும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் பைத்துப் பாடும் சபாக்களும் இளைஞர்களின் தொண்டையைப் பண்படுத்தின. இருபதாம் நூற்றாண்டில் ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வந்து சேர்ந்தபோது, பாடுவதற்குக் குரல்களும் கேட்பதற்குச் செவிகளும் ஏற்கெனவே காத்திருந்தன.

அக்குரல்களுள் தலையாயது நாகூர் இ.எம். ஹனீபா அவர்களுடையது. 1919 டிசம்பர் 25-இல் இராமநாதபுரத்தில் பிறந்து, தந்தையாரின் ஊரான நாகூரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக் கொண்டவர். சிறுவராயிருக்கையில் பைத்துச் சபாவில் பாடத் தொடங்கினார். திராவிட இயக்க மேடைகளில் முழங்கினார். சட்ட மேலவையில் உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். 'இசைமுரசு' என்பதே அவருக்கு இயற்பெயர்போல ஆகிவிட்டது. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் முதலிய கவிஞர்களின் சொற்களை அவர் குரல் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. கிளியனூர் அப்துல் சலாம் எழுதிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' பிற சமயத்தாரின் இல்லங்களிலும் விரும்பிக் கேட்கப்பட்டது. 1961-இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு அவர் பாடியதைத் திரைப்படமே பாராத நம் பெரியவர்களும் அறிந்திருந்தனர்! காரைக்கால் ஏ.எம். தாவூத், காயல் ஷேக் முகம்மது, சீறாவை இசையோடு விரித்துரைத்த குமரி அபூபக்கர், கருநாடக இசையில் துறைபோகிய நாகூர் தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் எனப் பிற பெரியோரும் இவ்வரிசையில் உளர். ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே எழுதத் தகும். நாம் இங்கே பேசுவது பாடியவர்களைக் காட்டிலும் கேட்டவர்களைப் பற்றியே.

கச்சேரி நடக்கும் செய்தி வண்ணத்தாளில் அச்சிட்ட நோட்டீசாக வரும். உச்சியில் 786, கீழே பிறையும் விண்மீனும், அதற்குக் கீழே சொற்பொழிவாளர்களின் பெயர்கள் பட்டங்களோடு நீண்டு செல்லும். இறுதியில்தான் 'இன்னிசைக் கச்சேரி' என்ற இரு சொற்கள் பெரிய எழுத்தில் நிற்கும். விழாக் குழுவினர் அச்சொற்களைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பாடகர் முதலில் பாடிவிட்டால், பின்னர் பேச வரும் மௌலானாவுக்குப் பந்தற்கால்கள் மட்டுமே எஞ்சும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். எனவே இஷாத் தொழுகைக்குப் பின் கிராஅத், வரவேற்புரை, சொற்பொழிவுகள் யாவும் நிறைவேறி, மேடையில் ஹார்மோனியமும் தபேலாவும் டோலக்கும் வந்து அமரும்போது நள்ளிரவு நெருங்கிவிடும்.

ஆரணியிலிருந்து ஆர்க்காட்டிற்கோ வேலூருக்கோ வந்தவாசிக்கோ கச்சேரி கேட்கச் செல்வதென்றால் அது ஒரு சிறு பயணம். மாலையில் தறியைவிட்டு எழுந்து, குளித்து, வெள்ளை உடுத்து, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். திரும்பி வரப் பேருந்து விடியற்காலையில்தான். இதுவே இளைஞர்களுக்கு வீட்டில் சொல்வதற்கு வாய்ப்பான காரணமும் ஆயிற்று. அத்தா கடிந்து கொண்டால், "பாட்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம் அத்தா" என்று சொல்லிவிடலாம். அந்த அத்தாவும் தம் இளமையில் மாட்டு வண்டியில் சென்று கேட்டு வந்தவராகையால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு குடும்பத்தோடு வருவோர் மேடைக்கு முன்னே மணலில் விரித்துக் கொள்வர். தாய்மார்களுக்குத் திரைக்குப் பின்னே இடம். இடம் போதாதபோது சுற்றியுள்ள வீட்டு மாடிகள் நிறைந்துவிடும். அவ்வீடுகள் செட்டியார் வீடா, முதலியார் வீடா, பாய் வீடா என்று அன்றிரவு எவரும் பார்ப்பதில்லை. தறி நெய்யும் பிற சமயத்துத் தோழர்களும் சுக்குக் காபிக்காரரின் தூக்கைச் சுற்றி அமர்ந்து விடிவரை கேட்டுச் செல்வர்.

பாட்டுத் தொடங்கிவிட்டால் மேடைக்குச் சீட்டுகள் போகும். அப்பளம் மடித்த தாளிலும் சிகரெட்டு அட்டையிலும் எழுதி, கை மாறிக் கை மாறிச் செல்லும். "அண்ணன் அவர்களுக்கு ஸலாம். இன்ன பாடலைப் பாடுமாறு இன்ன தெரு இளைஞர்கள் வேண்டுகிறோம்" என்றிருக்கும். சீட்டோடு ஐந்தும் பத்துமாக அன்பளிப்பு வரும். கொடுத்தவரின் பெயரும் தந்தையார் பெயரும் ஒலிபெருக்கியில் படிக்கப்பட வேண்டும். படிக்காவிடில் மனத்தாங்கல் உண்டாகும். ஒரே பாடலை மூன்று தெருக்கள் கேட்டிருக்கும். இதற்கிடையே பள்ளிவாசல் கட்டடத்திற்கு இத்தனை மூட்டை சிமெண்டு, மதரஸாவுக்கு இத்தனை ரூபாய் என்று அறிவிப்புகள். இவற்றையெல்லாம் பொறுத்துக் கொண்டு பாடுவது ஒரு கலை. நம் பாடகர்கள் அக்கலையில் தேர்ந்திருந்தனர் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்று நம் ஊர்களில் நிற்கும் எத்தனையோ பள்ளிவாசல் மினாராக்களின் செங்கற்களுள் பாட்டால் வந்த செங்கற்களும் உண்டு.

இசைத்தட்டில் கேட்ட பாட்டை மேடையில் கேட்பதற்கு ஏன் இத்தனைத் துன்பம் பட வேண்டும் என்று வினவலாம். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட அளவே பாட்டு அடங்கும். பல்லவியும் இரண்டு மூன்று சரணங்களும் முடிவதற்குள் ஊசி தட்டின் நடுப்பகுதியை எட்டிவிடும். மேடையிலோ அத்தகைய தளை இல்லை. தாளம் தொடங்குமுன் பாடகர் தொகையறாவை எடுப்பார். தபேலாக்காரர் கையை மடியில் வைத்துக் கொண்டு காத்திருப்பார். ஹார்மோனியம் ஒரே சுருதியில் நின்று கொண்டிருக்க, குரல் மட்டும் தனியே மேலேறும். எங்கே நிற்கும், எங்கே இறங்கும் என்பதை அவரே அந்த நொடியில் தீர்மானிக்கிறார். கூட்டத்தில் பிள்ளையை ஆட்டிக் கொண்டிருந்த தாயின் கை நின்றுவிடும். உச்சத்தைத் தொட்டு இறங்கி, கடைசிச் சொல் விழும் இடத்தில் தபேலாவும் டோலக்கும் ஒருசேர விழ, ஆயிரம் பேர் விட்ட மூச்சு ஓசையாகவே கேட்கும். பகலெல்லாம் நாடாவின் தாளத்தில் வாழ்ந்தவனுக்கு, தாளமற்ற அந்த இரண்டு நிமிடங்கள் எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாளம் மீண்டு வரும்போது அவன் தலை தானாக அசைந்தது. இவ்வின்பத்தை இசைத்தட்டு ஒரு கீற்றாகவே காட்டிற்று.

இங்கே கடல் கடந்த ஒரு செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் படைத்த இசைக்கு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயரை 1949-இல் அந்நாட்டு இசை வணிக ஏடான 'பில்போர்டு' வழங்கலாயிற்று. அதன் தாய் இசை புளூஸ். பருத்திக் காட்டில் தனித்து நின்று, தாளமின்றி, ஒரு சொல்லை நீட்டி வளைத்துப் பாடிய அடிமைகளின் கூவலிலிருந்து அது கிளைத்தது என்பர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அவ்வடிமைகளுள் முஸ்லிம்களும் இருந்தனர். 1831-இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதிய உமர் இப்னு ஸயீத் அவர்களுள் ஒருவர். அக்கூவலின் நெளிவுகளில் பாங்கோசையின் சாயலும் குர்ஆன் ஓதும் முறையின் சாயலும் கேட்கின்றன என்று சில்வியான் தியூஃப் என்ற வரலாற்றாசிரியர் எடுத்துக் காட்டியுள்ளார். எல்லோரும் இதனை ஏற்றுக் கொண்டுவிடவில்லை. எனினும் தொகையறாவைக் கேட்டுப் பழகிய செவிக்கு இக்கருத்து வியப்பளிப்பதாயில்லை.

அவ்விசையின் மூத்த கலைஞர் பி.பி. கிங். 1925-இல் மிசிசிப்பி மாநிலத்தில் குத்தகை உழவர் வீட்டில் பிறந்து, தேவாலயப் பாடலில் தொடங்கி, கிதாரோடு ஊர் ஊராகச் சென்றவர். 1956-ஆம் ஆண்டில் மட்டும் 342 நிகழ்ச்சிகள் நடத்தினார் எனில், வீட்டில் உறங்கிய இரவுகள் எத்தனை என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். முதுமையில் நாற்காலியில் அமர்ந்தபடியே வாசித்தார். மக்கள் அப்போதும் வந்தனர். அவர் 2015 மே 14-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். ஹனீபா அவர்கள் 95 வயது நிறைந்து சென்னையில் மறைந்தது அதே ஆண்டு ஏப்ரல் 8-இல். இருவருக்கும் இடையே 36 நாட்கள்.

முதிர்ந்த பாடகரைக் கேட்கக் கூட்டம் கூடுவது ஏன் என்ற வினாவிற்கு விடை இரு நாட்டிலும் ஒன்றே என நாம் கருதுகிறோம். இளமையில் எட்டிய உச்சத்தை முதுமையில் குரல் எட்டாமற் போகலாம். எட்டாத அந்த இடத்தைக் கேட்போர் தம் நினைவால் நிரப்பிக் கொள்கின்றனர். பல்லவியைப் பாடகர் தொடங்கிக் கொடுத்தால் போதும், முடிப்பது கூட்டமாயிருக்கும். அவர்கள் வருவது பாட்டை அறிந்து கொள்ளவன்று. அதை அவர்கள் அவருக்கே சொல்லிக் கொடுக்கும் அளவிற்கு அறிவர். தங்கள் வாலிபத்திற்குச் சாட்சியாக இருந்த குரல் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை நேரில் கண்டுகொள்ளவே வருகின்றனர். ஆனால் இந்த அன்பு எல்லாவற்றிற்கும் பயன்பட்டுவிடாது. 2002-இல் நம் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த வாணியம்பாடியில் நடந்த இடைத்தேர்தலில் ஹனீபா அவர்கள் தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றார். பாட்டிற்குத் திரளும் கூட்டம் வேறு, வாக்குச் சாவடியில் திரளும் கூட்டம் வேறு போலும்.

இக்கச்சேரிகளை மார்க்கம் ஏற்கிறதா என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. இசைக் கருவிகளைக் கண்டிக்கும் நபிமொழியை எடுத்துக் காட்டித் தடுத்த உலமாப் பெருமக்கள் இருந்தனர். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்ற செய்தியைக் காட்டி இடங்கொடுத்தோரும் இருந்தனர். இந்த வழக்கைத் தீர்க்கும் தகுதி நமக்கில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் இசை கேட்பதைப் பற்றி ஒரு பகுதியே எழுதியிருக்கிறார்கள். அதில் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தாக ஒன்று எடுத்தாளப்படுகிறது. கேட்பதற்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தி வர வேண்டும் என்பதே அதன் சாரம். ஸூபிகளின் மஜ்லிஸைக் கருதிச் சொல்லப்பட்டது அது. நெசவூரின் மணல் திடலை அதனோடு ஒப்பிடுவது துணிவுதான். ஆயினும் நம் கச்சேரி இரவுகளைப் பற்றி எண்ணுந்தோறும் அம்மூன்று சொற்களே முன்வந்து நிற்கின்றன. வேலை ஓய்ந்த நள்ளிரவு, ஊர் கூடிய திடல், அருகில் அமர்ந்த அண்டைவீட்டார். இவை அகன்றபின் பாட்டு எஞ்சியது, கச்சேரி எஞ்சவில்லை.

அவை அகன்ற விதத்தையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1980-களில் ஒலிநாடா மலிவாகக் கிடைத்தது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் டேப் ரிக்கார்டரோடு திரும்பினர். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த வீடுகளில், வேண்டியபோது வேண்டிய பாட்டு ஒலித்தது. அதே காலத்தில் தர்கா வழிபாட்டையும் இசையையும் ஒருங்கே கண்டிக்கும் சீர்திருத்தப் பிரசாரம் ஊர்தோறும் வலுத்தது. ஒரே ஜமாஅத்தில் கச்சேரி வேண்டுமென்போரும் கூடாதென்போரும் பிரிந்து நிற்க நேர்ந்தபோது, பூசல் வேண்டாமென்று நிர்வாகிகள் கச்சேரியையே விட்டுவிட்டனர். பின்னர் சட்டமும் வந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. 2005-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நோயாளிகளுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் நன்மை பயக்கும் விதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நள்ளிரவில் தொடங்குவதையே இயல்பாகக் கொண்டிருந்த ஒரு கலைக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒலிநாடாவில் பாடகர் பெயர் இருக்கிறது. சிலவற்றில் கவிஞர் பெயரும் இருக்கிறது. பின்பாட்டுப் பாடியவர், டோலக் வாசித்தவர், ஒலிபெருக்கி கட்டியவர், நோட்டீசு அச்சிட்டவர் பெயர்கள் இல்லை. சீட்டு எழுதி அனுப்பிய தெரு இளைஞர்கள் இன்று எழுபதைக் கடந்த பெரியவர்கள். அவர்களுள் சிலர் எந்த ஊரில், எந்த மீலாதில், எந்தப் பாட்டு இருமுறை பாடப்பட்டது என்பதைத் தேதியோடு சொல்ல வல்லவர்கள். பழைய டிரங்குப் பெட்டிகளில் சொத்துப் பத்திரங்களோடு 786 அச்சிட்ட நோட்டீசுகளும் கிடக்கின்றன. வீட்டைப் புதுப்பிக்கும்போது அப்பெட்டிகள் பழைய சாமான் வண்டிக்குப் போகின்றன. அவற்றைப் போடுமுன் நம் பிள்ளைகள் பத்திரங்களை மட்டுமின்றி அத்தாள்களையும் எடுத்து வைக்க வேண்டுகிறோம். அருகில் அமர்ந்து பெரியவர்கள் சொல்வதைத் தங்கள் கைப்பேசியிலேனும் பதிந்து கொள்ளலாம்.

இப்போதும் மீலாது இரவுகளில் சிற்சில ஊர்களில் பாட்டு உண்டு. சொற்பொழிவு முன்னதாகவே முடிக்கப்படுகிறது. பாடகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே பாடுகிறார். ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு, பெரும்பாலும் பழைய பாட்டுத்தான். பத்து மணிக்குப் பந்தல்காரர் விளக்கை அணைக்கத் தொடங்கும்போது பிள்ளைகள் இன்னும் உறங்காமல் விளையாடிக் கொண்டிருக்கின்றனர். பாயைச் சுருட்டுவோர் இப்போது இல்லை. நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கலைகின்றனர்.